ஐந்து சொடுக்கில் நிறம் மாறும் ரோஜா சாளரம்: ஒரு பித்தளைப் பதக்கம் செய்த பதிவு

நீராவி இயந்திரக் காலத்தின் பித்தளையையும் பற்சக்கரங்களையும் கற்பனையோடு கலக்கும் ஸ்டீம்பங்க் பாணி என்ற பெயரில் தொடக்கத்தில் நான் செய்த பொருள்களையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பழைய கைக்கடிகாரங்களின் பற்சக்கரங்களை ஒட்டிய காதணிகள், பற்சக்கரங்களை ஒட்டிய தொப்பி, பற்சக்கரங்களை ஒட்டிய மூக்குக்கண்ணாடிச் சட்டம் என்று அந்தப் பெட்டியில் பசைக்குக் குறைவே இல்லை. ஆனால் சுற்றுகிற சக்கரம் ஒன்றுகூட இல்லை. ஒரு பல் இன்னொரு பல்லைத் தள்ளாதவரை பற்சக்கரம் என்பது ஓரத்தில் கொத்திவிட்ட ஒரு தகடுதான் என்ற எண்ணம் ஒருநாள் தோன்றிய பிறகு, இனிமேல் செய்கிற பொருளில் ஒரு சக்கரமாவது ஒரு வேலையைச் செய்தாக வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். அந்த விதிக்கு உட்பட்டுச் செய்து முடித்த முதல் பொருள் இந்தப் பதக்கம்.

கோதிக் பாணியையும் ஸ்டீம்பங்க் பாணியையும் ஒரே பொருளில் கொண்டுவருவது பொருத்தமற்ற கலவை என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்று ஐரோப்பாவின் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடக்கலையின் வழி வந்தது. மற்றொன்றுக்குப் பெயரே 1987இல் எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் ஓர் இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான் கிடைத்தது. ஆனால் கவராயத்தைக் கையில் எடுத்தால் இரண்டும் ஒரே கணக்கில் பிறப்பதைப் பார்க்கலாம். கோதிக் கட்டடங்களின் கூர்முனை வளைவும், மலரின் இதழ்கள்போல் பகுத்த வட்டமான வண்ணக் கண்ணாடிச் சாளரமாகிய ரோஜா சாளரமும், பற்சக்கரமும் வட்டத்தைச் சமமாகப் பகுப்பதையே நம்பியிருக்கின்றன. பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டு வடக்கு ரோஜா சாளரம் பன்னிரண்டு பகுப்புகளில் அமைந்தது. அறுபது பற்கள் கொண்ட ஒரு கடிகாரச் சக்கரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மீதமில்லாமல் ஐந்து வருகிறது. என் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு வகுத்தலில் இருந்து வந்ததுதான்.

கூர்முனை வளைவு வடிவில் இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவில் இடைவெளி விட்டு நான்கு சிறு தூண்களால் இணைக்கப்படுகின்றன. பின்தகட்டின் மேல் ஒரு கண்ணாடி வில்லை அசையாமல் இருக்கும். அதில் பன்னிரண்டு பிரிவுகள், சிவப்பும் நீலமும் மாறி மாறி, ஒவ்வொன்றும் 30 டிகிரி. அதற்கு முன்னால் ஆறு இதழ்களின் வடிவம் வெட்டி நீக்கிய ஒரு ரோஜா வில்லை அறுபது பல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். ஆறு இதழ்களும் ஒருசேரச் சிவப்பின் மேல் நிற்கும்போது சாளரம் சிவப்பாகத் தெரியும்; 30 டிகிரி நகர்த்தினால் ஆறும் நீலத்தின் மேல் வந்து நிற்கும். இந்தச் சக்கரத்தைத் திருப்புவதற்குப் பத்துப் பற்கள் கொண்ட எஃகுச் சிறுசக்கரம் ஒன்று. அதன் அச்சு முன்தகட்டுக்கு வெளியே நீண்டு ஒரு குமிழில் முடியும். பத்துக்கு அறுபது என்பது ஆறு சுற்றுக்கு ஒரு சுற்று என்பதால், குமிழை அரைச்சுற்றுத் திருப்பினால் சாளரம் நிறம் மாறிவிடும்.

இரண்டு சக்கரங்களும் ஓடாமல் நின்றுபோன ஒரு சாவிகொடுக்கும் மேசைக் கடிகாரத்திலிருந்து வந்தன. இந்த வேலைக்குப் புதியவர்களுக்கு இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். கடிகாரம் நின்றுவிட்டது என்பதால் அதன் வில்சுருளில் முறுக்கு இல்லை என்று பொருளாகாது. முறுக்கை முழுவதும் தளர்த்தாமல் தகட்டுத் திருகுகளைக் கழற்றினால் சுருள் ஒரே வீச்சில் விரிந்து விரலைக் கிழித்துவிடும். அடுத்தது, முட்களிலும் எண்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்த பழைய கடிகாரமாக இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். பூச்சு இப்போது ஒளிராமல் போயிருக்கலாம், ஏனென்றால் ரேடியத்தோடு கலந்திருக்கும் ஒளிரும் பொருள் விரைவில் சிதைந்துவிடுகிறது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து.

கடிகாரத்தைப் பிரித்தபோது ஓர் அவசரக்காரத் தவறு செய்தேன். அதன் தகடு 1 மி.மீ. கனமுள்ள நல்ல பித்தளையாக இருந்ததால், பதக்கத்தின் பின்தகட்டை அதிலேயே வெட்டிக்கொள்ளலாம், பழைய துளைகளும் அழகாக இருக்கும் என்று உடனே ரம்பத்தை எடுத்துவிட்டேன். என் இரண்டு சக்கரங்களின் அச்சுகளும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விடையை அந்தத் தகட்டில்தான் கடிகாரம் செய்தவர் இரண்டு துளைகளாக எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு துளை கழிவுப் பக்கத்தில் போய், பாதியாக அறுபட்டது. பிரிப்பதற்கு முன் தகட்டின் மேல் ஒரு தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துத் துளைகளைப் பதிவு செய்துகொள்வது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கு விலையாகப் பிறகு இரண்டு மாலைப்பொழுதுகள் போயின.

வளைவை வரைவது எளிது. பதக்கத்தின் அகலம் 36 மி.மீ. கவராயத்தை அதே 36 மி.மீ. அளவுக்கு விரித்து, இடப்பக்க முனையில் ஊன்றி ஒரு வில்லும் வலப்பக்க முனையில் ஊன்றி ஒரு வில்லும் வரைந்தால் அவை சந்திக்கும் இடம் உச்சி. வளைவின் உயரம் தானாகவே 31 மி.மீ. ஆகிவிடும். அதன்கீழ் 24 மி.மீ. உயரத்துக்கு நேரான பகுதி. வெட்டுவதற்கு முன்பே எடையைக் கணக்கிட்டுக்கொண்டேன். பித்தளையின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.5 கிராம், அந்தக் கணக்கில் துளையிடாத தகடு ஒன்று 14 கிராம். கழுத்தில் தொங்கும் பொருளுக்கு இது கவனிக்க வேண்டிய எண், ஏனென்றால் ஸ்டீம்பங்க் அணிகலன்கள் பெரும்பாலும் அழகின்மையால் பெட்டிக்குப் போவதில்லை, கழுத்து வலியால்தான் போகின்றன.

வெட்டுவதற்கு நகைவேலை ரம்பம்தான் பயன்பட்டது. இழையின் பற்கள் கைப்பிடியை நோக்கியிருக்க வேண்டும், தகட்டின் கனத்துக்குள் குறைந்தது இரண்டு பற்களாவது எப்போதும் பதிந்திருக்க வேண்டும், இழைக்குத் தேன்மெழுகு தடவ வேண்டும் என்ற மூன்றையும் பின்பற்றியும் ஏழு இழைகள் ஒடிந்தன. முன்தகட்டில் 18 மி.மீ. விட்டமுள்ள வட்டத் திறப்பும், குமிழ் வரும் இடத்துக்கு இருபுறமும் ஈட்டிமுனைச் சாளரங்கள் இரண்டும் வெட்டினேன். அந்தச் சாளரங்கள் வழியாகத்தான் பற்கள் நகர்வது தெரியும். அதை மறைத்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பது அணிபவருக்கே தெரியாமல் போய்விடும்.

ரோஜா வில்லையை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. 0.5 மி.மீ. தகட்டில் ஒவ்வொரு இதழையும் 28 டிகிரி அகலத்துக்கு முதலில் வெட்டினேன். கண்ணாடியின் பிரிவு 30 டிகிரி என்பதால் இருபுறமும் ஒவ்வொரு டிகிரி மிச்சம் இருக்கிறது, அது போதும் என்பது என் நினைப்பு. மேசையில் நேராகப் பார்த்தால் போதுமானதாகத்தான் இருந்தது. சற்றுச் சாய்த்துப் பார்த்ததும் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் அடுத்த நிறம் ஒரு கோடாக எட்டிப் பார்த்தது. வில்லைக்கும் கண்ணாடிக்கும் இடையே 1.5 மி.மீ. இடைவெளி இருக்கும்போது பார்வைக் கோணம் மாறினால் பின்னணியும் நகர்வது இயல்பே. மையத்திலிருந்து 9 மி.மீ. தொலைவில் ஒரு டிகிரி என்பது 0.16 மி.மீ. மட்டும்தான் என்பதை நான் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது வில்லையில் இதழை 24 டிகிரியாகக் குறைத்து, இடைவெளியையும் அரை மி.மீ. அளவுக்குச் சுருக்கிய பிறகு கசிவு நின்றது. கம்பிகள் சற்றுத் தடித்துப்போனதும் நன்மையாகவே முடிந்தது. கற்சாளரத்தின் கனம் அதன் பிறகுதான் வந்தது.

வில்லையைச் சக்கரத்தின் மேல் பற்றவைத்தேன். மையங்கள் பிசகாமல் இருக்க, இரண்டின் நடுத்துளைகளிலும் ஒரே எஃகுக் கம்பியைச் செருகிக்கொண்டேன். உடலில் படும் பொருள் என்பதால் ஈயம் கலக்காத, வெள்ளீயமும் வெள்ளியும் சேர்ந்த பற்றைப் பயன்படுத்தினேன். அது 221 டிகிரி செல்சியஸில் உருகும். பற்று ஆறிய பிறகு, இதழ்களுக்குக் குறுக்கே தெரிந்த சக்கரத்தின் பழைய ஆரக்கால்களை ஒவ்வொன்றாக அறுத்து நீக்கினேன். ரோஜாவே இப்போது ஆரக்காலாகிவிட்டது.

கண்ணாடி வில்லைக்கு ஒளி ஊடுருவும் கண்ணாடி வண்ணம். பிரிவுக் கோடுகளை முதலில் கருப்புக் கோட்டுப் பசையால் மேடாக வரைந்து, அவற்றுக்கு நடுவே வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாக நிரப்ப வேண்டும். தூரிகையால் இழுத்தால் கோடு கோடாகக் காய்ந்துவிடும். இதில் நான் எதிர்பாராத ஒரு குறை இருந்தது. சாளரத்துக்குப் பின்னால் வானம் இருக்கும், பதக்கத்துக்குப் பின்னாலோ சட்டைதான் இருக்கும். கையில் தூக்கி விளக்கின் எதிரே பிடித்தபோது மாணிக்கமாக இருந்த சிவப்பு, கருப்பு உடையின் மேல் வைத்ததும் காய்ந்த இரத்தத்தின் நிறமாகிவிட்டது. கண்ணாடிக்கும் பின்தகட்டுக்கும் நடுவே கசங்காத அலுமினியத் தாள் ஒன்றை வைத்து முன்னாலிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்பியதும் நிறம் உயிர் பெற்றது. கற்களுக்குப் பின்னால் மினுக்குத்தாள் வைக்கும் பழைய நகைக்காரர்களின் உத்திதான் இது.

இனி அந்த அறுபட்ட துளையின் கதை. அச்சுகளுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கலாம் என்று துணிந்தேன். சக்கரத்தின் வெளிவிட்டம் 24 மி.மீ. இன்றைய இயந்திரப் பற்சக்கரங்களுக்குப் பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தை அதனால் வகுத்தால் மாட்யூல் எனப்படும் அடிப்படை அளவு கிடைக்கும். அதை இரண்டு சக்கரங்களின் பற்களின் கூட்டுத்தொகையில் பாதியால் பெருக்கினால் அச்சுத்தூரம். அதன்படி 13.55 மி.மீ. வந்தது. துளையிட்டுப் பொருத்திச் சுற்றினேன். சுற்றியது, ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தடங்கல். பற்கள் ஒன்றன் பள்ளத்தில் ஒன்று இறங்காமல் நுனியோடு நுனி முட்டி, பிறகு நழுவின. பற்களில் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து முழு மாலையும் சுத்தம் செய்தேன். அழுக்கு இல்லை, சூத்திரம்தான் தவறு. கடிகாரச் சக்கரத்தின் பல் வேறு வளைவில், சைக்ளாய்டு (உருளும் வட்டத்தின் ஓரப்புள்ளி வரையும் வளைவு) வடிவை ஒட்டி வெட்டப்பட்டது. அது இயந்திரப் பல்லைவிட உயரமானது என்பதால் இரண்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.76 கூட்ட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் 13.38 மி.மீ. வேறுபாடு 0.17 மி.மீ., ஒரு தடித்த தாளின் கனம்.

தவறான துளையை அகற்ற, அதில் பித்தளைக் கம்பியைச் செருகித் தறைந்து, அரத்தால் மட்டமாக்கி, மீண்டும் துளையிட்டேன். இந்த முறை எண்ணை மட்டும் நம்பவில்லை. தனியாக ஒரு சிறு தகட்டுத் துண்டில் சிறுசக்கரத்தின் அச்சை நிறுத்தி, அதைப் பெரிய சக்கரத்தின் அருகே மயிரளவாக நகர்த்திக்கொண்டே சுற்றிப் பார்த்து, தடங்கல் முற்றிலும் நீங்கிய இடத்தில் குறி போட்டேன். அளந்தபோது 13.4 வந்தது. கணக்கும் விரலும் ஒத்துப்போனதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் எவரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

அடுத்தது பழமை நிறம். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் துலக்கிவிடும் பழக்கத்தில் வளர்ந்துவிட்டு, பளபளக்கும் புதுத் தகட்டில் வேண்டுமென்றே கறையை வரவழைப்பது தொடக்கத்தில் கை கூசும் வேலைதான். பித்தளைக்கு நான் அம்மோனியா ஆவியைப் பயன்படுத்துகிறேன். மூடியுள்ள கண்ணாடி ஜாடியின் அடியில் ஒரு கிண்ணம் அம்மோனியாக் கரைசல் வைத்து, தகடுகளை நைலான் நூலில் திரவத்தில் படாதபடி தொங்கவிட்டு மூடிவைத்தால் சில மணி நேரத்தில் மஞ்சள் மங்கி, தேன்பழுப்பாகி, பிறகு அடர்பழுப்பாகும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ப்ளீச்சிங் திரவம் இருக்கும் அறையில் செய்யவே கூடாது, இரண்டும் கலந்தால் நச்சுவாயு உண்டாகும். தகட்டின் மேல் அரக்குப் பூச்சு இருந்தால் அந்த இடத்தில் நிறம் ஏறாது என்பதால், முன்பே அசிட்டோனால் துடைத்துவிட வேண்டும். எஃகுப் பாகங்களை ஈர ஆவியில் விட்டால் துருப்பிடிக்கும். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டேன்.

எட்டு மணி நேரம் கழித்து எல்லாம் அருமையான நிறத்தில் வெளிவந்தன. சங்கிலி கோக்கும் வளையத்தையும் பொருத்தி, பதக்கத்தை ஆணியில் மாட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அது தரையில் கிடந்தது. வளையம், அதன் வளைவில், கத்தியால் வெட்டியதுபோல் இரண்டாக உடைந்திருந்தது. 1.2 மி.மீ. பித்தளைக் கம்பி 33 கிராம் எடையைத் தாங்காமல் போவதற்கு வழியே இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தபோது எஞ்சிய பாதியிலும் மயிரிழை விரிசல்கள் இரண்டு தெரிந்தன. தேய்மானமோ நீட்சியோ எங்கும் இல்லை.

காரணம் தேடியபோது கிடைத்தது நூறாண்டுக்கு மேல் பழைய செய்தி. பிரிட்டிஷ் இந்தியாவின் படைகள் மழைக்காலங்களில் சேமித்து வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. பருவத்தோடு வருவதால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். 1921இல்தான் காரணம் தெளிவானது: தொழுவங்களில் குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறைகளை அழுத்தி வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கின்றன. விசை மட்டும் இருந்தாலும் உடையாது, ஆவி மட்டும் பட்டாலும் உடையாது. கடினமான கம்பியைக் குறட்டால் வளைத்து, அந்த விசையைப் போக்காமல், நானே ஒரு ஜாடிக்குள் அந்தத் தொழுவத்தை உண்டாக்கியிருக்கிறேன். தட்டையாக இருந்த தகடுகள் தப்பின, வளைத்த வளையம் மாட்டிக்கொண்டது.

பரிகாரம் எளிது. வளைத்து முடித்த பாகத்தை 280 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், உலோகம் பெரிதாக மென்மையாகாமலே உள்விசை தளர்ந்துவிடும். உணவு சமைக்காத ஒரு சிறு மின்சூளையில் புதிய வளையத்தை இப்படி வைத்தெடுத்த பிறகே ஆவி காட்டினேன். ஆனால் பற்றவைத்த ரோஜாவை அந்தச் சூளையில் வைக்கக் கூடாது. 221 டிகிரியிலேயே பற்று உருகிவிடும். வளைத்த பாகங்கள் எல்லாவற்றுக்கும் சூடு முதலில், பற்று பிறகு, ஆவி கடைசியில் என்ற வரிசையை ஜாடியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன். இறுதியில் எல்லாப் பித்தளைக்கும் நுண்படிக மெழுகு மெல்லியதாகப் பூசியிருக்கிறேன்.

தூண்களைப் பிடிக்கும் நான்கு எஃகுத் திருகுகளை நீலமாக்கியது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு தட்டில் பித்தளைச் சீவல் பரப்பி, மெருகேற்றி ஆல்கஹாலில் கழுவிய திருகுகளை அதில் நட்டு, அடியிலிருந்து மெதுவாகச் சூடாக்க வேண்டும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று வரிசையாக வந்து, 300 டிகிரியை நெருங்கும்போது மயிற்கழுத்து நீலம் பிறக்கும். அந்த நொடியில் சாமணத்தால் எடுத்துவிட வேண்டும், ஐந்து விநாடி தாமதித்தாலும் வெளிறிச் சாம்பலாகிவிடும். கழுவிய பிறகு விரல் பட்ட திருகில் அந்த ரேகை கறையாக நிற்கும். என் மூன்றாவது திருகில் அது இன்றும் இருக்கிறது.

சங்கிலியில் கோக்கக் கருமணிகள் தேடினேன். 1861இல் இளவரசர் ஆல்பர்ட் இறந்து விக்டோரியா அரசி துக்கம் பூண்ட பிறகு இங்கிலாந்தில் பெரும் வழக்கத்துக்கு வந்த ஜெட் என்பது கல்லன்று, புதைந்து மாறிய பழங்கால மரம். தொட்டால் குளிராது, எடையும் மிகக் குறைவு. பிரெஞ்சு ஜெட் என்ற பெயரில் கிடைப்பதோ கருப்புக் கண்ணாடி. முன்தூக்கலான பதக்கத்துக்கு எடைகுறைந்த ஜெட்தான் சரி என்று தோன்றினாலும், கழுத்தின் பின்பக்கத்தில் கனமான கண்ணாடி மணிகளைக் கோத்ததும் அவை எதிர்எடையாக நின்று பதக்கம் நிமிர்ந்து தொங்கியது. ஆகவே கண்ணாடிதான்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு குறை எஞ்சியது. நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தில் குமிழ் தானாகவே நகர்ந்து, இதழ்கள் இரண்டு நிறத்துக்கும் நடுவில் போய் நின்றுவிடும். கடிகாரத்தின் உதிரிப் பாகங்களில் இருந்த ஒரு மெல்லிய எஃகு வில்தகட்டைப் பின்தகட்டில் தறைந்து, அதன் நுனி சிறுசக்கரத்தின் பற்களுக்கு இடையே விழும்படி வளைத்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சொடுக்கு. ஒரு சொடுக்குக்கு ரோஜா 6 டிகிரி நகரும். ஐந்தாவது சொடுக்கில் சிவப்பு நீலமாகும். இருட்டிலும் எண்ணித் திருப்பலாம்.

பதக்கம் இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது. ஐந்து சொடுக்கு என்று இரண்டு முறை சொல்லியும், அவள் எப்போதும் இரண்டாவது சொடுக்கிலேயே நிறுத்தி, ஒவ்வொரு இதழிலும் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு கீற்று நீலம் தெரிய, காற்றாடிபோல் இருக்கும் நிலையில்தான் அணிந்துகொள்கிறாள்.